தீப எண்ணெயில் பொரித்த பழப் போண்டா

1

என் மகள் இனியா கடித்தாள், இரண்டு தடவை மென்றாள், அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, ஆயா இதைக் கோயில்ல வச்சுப் பொரிச்சாங்களா?”

வருடத்தின் கடைசி நாள், பிற்பகல். நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், ராட்டர்டாம் துறைமுகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிற தூரத்தில். இந்த நாட்டுக்காரர்கள் வருடம் முழுக்க மத்தியானத்துக்கு ரொட்டியையும் சீஸையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டு, வருடக் கடைசியில் திடீரென்று எண்ணெய்ச் சட்டியைக் கண்டுபிடிப்பார்கள். ஆப்பிளை வளையம் வளையமாக நறுக்கி, மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். முதல் வருடம் எதிர்வீட்டம்மா தட்டை நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை தூரம் பறந்து வந்தது பஜ்ஜி தின்னத்தானா! அன்றிலிருந்து பதிலுக்கு நானும் ஒரு தட்டு கொடுத்துவருகிறேன். அந்தத் தட்டில் என் அம்மா, இனியாவின் ஆயா, செய்த பழப் போண்டா இருக்கும்.

அம்மா திருவொற்றியூரில் தனியாக இருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நான் ஒரே பிள்ளை. ஊருக்கு வந்து திரும்புகிற யாரையாவது பிடித்து, வருடக் கடைசிக்கு ஒரு டப்பா அனுப்பிவிடுவாள். இந்த முறை கொண்டுவந்தவன் பாஸ்கர், சடையங்குப்பத்துக்காரன், என்னோடு துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிறவன்.

நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். இனிப்பு சரியாக இருந்தது. ஏலக்காய் இருந்தது. அதற்கு மேலே, மூக்கின் உள்பக்கமாக ஏறி வந்தது விளக்கு வாசனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் ஏற்றுகிற விளக்கின் வாசனை.

தீப எண்ணெய். ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் நல்லெண்ணெய் அடுக்கியிருக்கும் அதே வரிசையில், ஏறக்குறைய அதே பாட்டிலில் இருக்கும். சமையலுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மணக்க வேண்டுமென்று என்னென்னவோ கலந்திருப்பார்கள். மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். சட்டியில் ஊற்றிச் சூடாக்கினால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். என் அம்மாவுக்குத் தெரியவில்லை.

கடித்ததைத் துப்பிவிட்டு, இனியா கையில் இருந்ததையும் வாங்கி வைத்தேன். பாஸ்கருக்கு போன் போட்டேன்.

“மாமு, நானே சொல்லலாம்னு இருந்தேன். ஃபிளைட்லயே ஒண்ணு எடுத்து வாய்ல போட்டேன். இன்னாடா இது, சாமிக்கு ஏத்துன மேரி கீதேன்னு தோணுச்சு. அம்மா கைல குடுத்துச்சேன்னு கம்முனு முழுங்கிட்டேன்.”

“அம்மா எப்படி இருந்தாங்க?”

“சூப்பரா கீறாங்க. வூட்டுக்கு வந்தவனுக்கு மீன் கொழம்பு ஊத்தாம வுடுவாங்களா?”

அந்த வருடம் எதிர்வீட்டுக்குத் தட்டு போகவில்லை.

2

எனக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப்போட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பழப் போண்டா செய்வது பெரிய வித்தை இல்லை. தோல் கறுத்து, இனி யாரும் தொடமாட்டார்கள் என்கிற நிலைக்கு வந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கோதுமை மாவும் ஒரு கை அரிசி மாவும் போட்டு, ஏலக்காய், துளி சுக்கு, பல் பல்லாகக் கீறின தேங்காய் சேர்த்து, கடலை எண்ணெயில் கிள்ளிப் போட வேண்டியதுதான். வில்லங்கம் வெல்லத்தில் இருக்கிறது. வெல்லம் சேர்ந்த மாவு எண்ணெயில் விழுந்த சுருக்கில் சிவந்துவிடும். ஆகா, வெந்துவிட்டது என்று எடுத்தால் உள்ளே கூழாக இருக்கும். உள்ளே வேகட்டும் என்று விட்டால் கசந்துவிடும். நிறத்தை நம்பினால் போச்சு.

அம்மா நிறத்தைப் பார்க்கவே மாட்டாள். போண்டாவைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவுவாள். சட்டென்று திரும்பிக் கரண்டியை விடுவாள். அத்தனையும் பதமாக இருக்கும்.

“கண்ண மூடிக்கோ. மூக்கால பாரு,” என்பாள். “மொதல்ல மாவு வாசன வரும், அது பச்ச. அப்பால பழம் வரும். அப்பால வெல்லப்பாகு மேரி ஒண்ணு வரும் பாரு, அப்போ எடுத்துரணும். அத்த வுட்டா தீஞ்சிரும்.”

அடுப்பங்கரையில் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அம்மாவைக் கேட்டால் போதும். மேற்கிலிருந்து வந்தால் மணலித் தொழிற்சாலைப் புகை, வடக்கிலிருந்து வந்தால் எண்ணூர்ச் சாம்பல், தெற்கிலிருந்து வந்தால் காசிமேட்டு மீன், எதுவுமே இல்லையென்றால் கடல். மூக்கைச் சுளித்து, “இன்னிக்கி மணலிக்காரன் ஓவரா வுட்டுக்கினு கீறான்,” என்பாள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சாயங்காலம். அம்மா இதே போண்டாவைப் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். சட்டியில் ஒரு ஈடு பாதி வெந்திருந்தது. அம்மா திடீரென்று தலையைத் தூக்கினாள். அடுப்பை அணைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் துண்டைக் குடத்துத் தண்ணீரில் முக்கி என் மூஞ்சியில் கட்டிவிட்டு, தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாக அடித்தாள். “கேஸு வருது! கொயந்திங்கள தூக்கிக்கினு கடலாண்ட ஓடுங்க!” யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒருவர், “இன்னாக்கா பேஜாரு பண்றே,” என்றுகூடக் கேட்டார். நாங்கள் மணலில் கால் வைத்த பிறகுதான் பின்னால் வந்தவர்களுக்குக் கண் எரிய ஆரம்பித்தது. எந்தத் தொழிற்சாலையில் எந்தக் குழாய் கசிந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடு திரும்பியதும் அம்மா அந்தப் பாதி வெந்த ஈட்டைக் குப்பையில் கொட்டினாள். எனக்கு அதுதான் அழுகையாக வந்தது.

அந்த மூக்குக்காரிதான் தீப எண்ணெயில் போண்டா பொரித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இங்கே பொரிப்பேன். மனைவிக்கு மருத்துவமனையில் ஞாயிறுதோறும் பணி. வீட்டில் நானும் இனியாவும்தான். வாழைப்பழம் அலுத்துவிட்டால் அன்னாசி, ஆப்பிள், எது கிடைக்கிறதோ அது. போனைத் தாங்கியில் நிறுத்தி, கேமராவைச் சட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். திரை சாப்பாட்டு மேசையைப் பார்த்திருக்கும். எனக்கு அம்மாவின் குரல் மட்டும் வரும். அங்கிருந்து பரீட்சை வைப்பாள். “போட்டியா? இப்போ இன்னா வாசன வருது, சொல்லு.” “மாவு வாசனைம்மா.” “இப்போ?” “பழம்.” “எப்டி கீது, பழுத்த பழமா, செங்காயா?” ஐம்பது வயதைத் தொடப்போகிறவனை இப்படி ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நிற்கவைத்தால் கோபம் வராதா? எனக்கு வரும். “தெரியும்மா, எத்தனை வருசமா பொரிக்கிறேன்,” என்று வெடுக்கென்று சொல்வேன். அடுத்த ஞாயிறும் அதே பரீட்சை நடக்கும்.

3

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். சாயங்காலச் சாமான் தேய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னா நைனா, டப்பா வந்துச்சா? கொயந்த துன்னுச்சா?”

“எந்த எண்ணெயில பொரிச்சே?”

“எப்பவும் பொரிக்கிற எண்ணெதான். ஏன், நல்லால்லயா?”

“விளக்கு எண்ணெயில பொரிச்சிருக்கியேம்மா!”

ஒரு நொடி அம்மாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “அய்ய, கடையில மாத்திக் குடுத்துட்டாங்க போல. அத்தக் கொட்டிடு. கொயந்தைக்கி வவுறு கிவுறு வலிக்கல இல்ல?” என்று கேட்டுவிட்டு, “பாலு பொங்குது, அப்பால பேசுறேன்,” என்று போனை வைத்தாள். பால் பொங்குகிற சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கடையில் மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஊற்றும்போது? காயும்போது? ஈடு ஈடாகப் போட்டு எடுத்தபோது?

மறதிநோய் என்றுதான் என் புத்தி ஓடியது. எதை எங்கே வைத்தோம் என்பதில் ஆரம்பிக்குமாம், அப்புறம் அடுப்பை அணைக்க மறப்பார்களாம், அப்புறம் பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் நீ என்பார்களாம். இனியா கையில் போனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் டச்சு மொழியில் படித்து, பாதித் தமிழில் எனக்குச் சொன்னாள். “அப்பா, ஆயாவுக்கு ஹெட்ல ஏதோ காணாமப் போகுதா?” என்று கேட்டாள். அவள் தமிழுக்கு வெகுநாளாகவே ஏதோ காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்கு எல்லாமே ‘ஸ்மெல்’ தான். கவுச்சி, வீச்சம், நெடி, சிக்கு, மக்கல் வாடை, தீய்ந்த வாடை எதுவும் கிடையாது. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மாவை இனி அந்த வீட்டில் விட்டுவைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கிப் போட்டிருக்கிறேன். வாசலில் காவலாளி, லிஃப்ட், நல்ல காற்று. அங்கே வந்து இரு என்று நானும் தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். “பாக்கலாம் நைனா,” என்பதைத் தவிர ஒரு பதிலும் வந்ததில்லை. இனி கேட்டுக்கொண்டிருப்பதாக இல்லை. விடுப்பு சொல்லி, டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

4

அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மளிகைக் கடை. நடத்துகிற அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்லாவில் அவர் இருந்தாலும் கடை அவர் மனைவி ஜெபா அக்காவின் கையில்தான் ஓடுகிறது. எண்ணெய் எப்படி மாறியது என்று சண்டைபோடத்தான் ஜெபா அக்காவுக்கு போன் போட்டேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

“எண்ணெய் மாறலை தம்பி,” என்றார். “கிறிஸ்துமஸுக்கு நாங்க ஊருக்குப் போயிட்டோம். இருந்திருந்தா மோந்து பார்த்துச் சொல்லியிருப்பேன். நான் இல்லாத நேரமாப் பார்த்துப் பொரிச்சிருக்காவ. சாமி அலமாரில இருந்த பாட்டிலைத் தூக்கி ஊத்திருப்பாவ.”

“நீங்க ஏன் மோந்து பாக்கணும்?”

கடைக்கு யாரோ வந்து துவரம்பருப்பு கேட்பது கேட்டது. “இரும்மா,” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அக்கா மெதுவாகப் பேசினார்.

“ஒனக்குத் தெரியாதா தம்பி? உங்கம்மைக்கு மூக்கு போயி வருசக்கணக்கா ஆச்சுல்லா. கொரோனா வந்து கெடந்தாவல்ல, அப்பப் போனது. திரும்ப வரவே இல்ல.”

கொரோனாவில் வாசனை போகும், ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் போனதே எனக்குத் தெரியாது. ஜெபா அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். வீடு முழுக்க கேஸ். கடைக்கு வந்த பெண் ஒருத்திதான் வாடை பிடித்துக் கத்தியிருக்கிறாள். அன்றைக்கே தெருவில் கூடிப் பேசி சிலிண்டரைத் தூக்கிவிட்டு, கரண்ட் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். பால் கெட்டதா, மாவு புளித்ததா, மீன் பழசா, எல்லாவற்றையும் அம்மா தட்டில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாளாம். அந்த நேரத்தில் கடையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மோந்து சொல்வார்களாம்.

“காத்துல ஏதாச்சும் வாடை வந்தா மொதல்ல அவிய வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்,” என்றார் அக்கா. “நீ கவலப்படாதே.”

“என்கிட்ட ஏங்கா ஒருத்தரும் சொல்லலை?”

“சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவளே. சொன்னா நீ தாம்பரத்துக்குக் கொண்டுபோயிருவேன்னாவ.”

தெரு முழுக்கத் தெரியும். மீன்காரிக்குத் தெரியும், பால் போடுகிறவருக்குத் தெரியும். வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்கிற மகனுக்குத் தெரியாது. இப்படி ஒரு அடி என் வாழ்க்கையில் விழுந்ததில்லை.

5

அந்த வாரம் முழுக்க எது கண்ணில் பட்டாலும் மூக்காகவே இருந்தது.

இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி கூரையில் புகையை மோப்பம் பிடிக்கிற வட்டக் கருவி இருந்தாக வேண்டும்; சட்டம். நான் மிளகாய் தாளித்தால் போதும், அது வீலென்று கத்தும். எத்தனையோ தடவை ஸ்டூல் போட்டு ஏறி அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். இப்போது அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்கே மூக்கு வைத்துக் கொடுக்கிற ஊரில் நான் இருக்கிறேன். மூக்கு இருந்தால்தான் பிழைக்கலாம் என்கிற ஊரில், அது இல்லாமல் அம்மா இருக்கிறாள்.

இங்கே கூட்டிவந்துவிடலாமே என்று கேட்பீர்கள். வயதான தாயை நிரந்தரமாகக் கூட்டிவருவதற்கு இந்த நாட்டு அலுவலகங்களில் நான் ஏறாத படி இல்லை. தனியாக இருக்கிறார் என்றால், அது பிரச்சினையாகத் தெரியவில்லையே என்பார்கள். இங்கே எல்லா அம்மாக்களும் தனியாகத்தான் இருக்கிறார்கள். மூன்று மாதம் சுற்றிப்பார்க்க விசா கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்படி ஒருமுறை வந்தாள். கொரோனா அடங்கின பிறகு. கடைத்தெருவில் பச்சை ஹெரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அப்படியே வாயில் விடுவார்கள், எனக்கு இன்றுவரை குமட்டும். அம்மா கொஞ்சமும் முகம் சுளிக்காமல் தின்றாள். “காசிமேட்டு மீன் தின்ன உடம்பு, எதுக்கும் அசராது,” என்று படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்தில், “இன்னா ஊருடா இது, ஒரு வாசனையும் இல்லாம கீது,” என்றாள். வடசென்னைக்காரி சுத்தமான காற்றுக்குக் கொடுத்த சான்றிதழ் என்று அதையும் சிரிக்கச் சிரிக்க எத்தனை விருந்தில் சொல்லியிருப்பேன்! கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

6

ஞாயிறு வந்தது. கறுத்த வாழைப்பழம் கூடையில் கிடந்தது. மாவைப் பிசைந்து வைத்துவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஜெபா அக்கா அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறார். எடுத்த எடுப்பில், “இன்னா, தெரிஞ்சுபோச்சா?” என்றாள்.

“ஏம்மா சொல்லலை?”

“சொன்னா இன்னா பண்ணியிருப்பே? மூக்க வாங்கி அனுப்பிச்சிருப்பியா?”

“விளையாடாதேம்மா. டிக்கெட் பார்த்துக்கினு இருக்கேன். வந்து உன்னைத் தாம்பரத்துல விட்டுட்டுத்தான் மறுவேலை.” எனக்கும் கோபத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

அம்மா கோபப்படவில்லை. “நைனா, நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு,” என்றாள். “தாம்பரத்துல லிஃப்டு கீது. வாச்மேன் கீறான். நல்ல காத்து கீது. எல்லாம் சரி. காலீல பாலு பொங்குனா, அது நல்ல பாலா கெட்ட பாலான்னு எனுக்கு யாரு மோந்து சொல்லுவா? எந்தக் கதவத் தட்டுவேன்? தட்டுனா தெறப்பாங்களா?”

நான் அந்த அடுக்குமாடியை நினைத்துப் பார்த்தேன். நானே அங்கே ஒரு மாதம் தங்கியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

“இங்க என் மூக்குதான் போச்சு. தெருவுக்கு மூக்கு கீதுடா,” என்றாள் அம்மா. “என்னிய இங்கேர்ந்து இட்டுக்கினு போனா, அதுவும் போயிடும்.”

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல போனைத் தாங்கியில் நிறுத்தி, கேமராவைச் சட்டிப் பக்கம் திருப்பினேன். இனியா மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதல் ஈட்டைக் கிள்ளிப் போட்டேன்.

“போட்டியா? இப்போ இன்னா வாசன வருது, சொல்லு.”

வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கரண்டி கையில் இருந்தது. எத்தனை ஞாயிறு இதே கேள்வி! நான் என்னவோ பரீட்சை என்று நினைத்து, வெடுக்கென்று ஒரு வார்த்தையை எறிந்துவிட்டு...

“அப்பா, சொல்லுங்க,” என்றாள் இனியா, திரையைப் பார்த்தபடி. “ஆயா கண்ணை மூடிட்டாங்க. நீங்க சொல்றப்ப எப்பவும் மூடிப்பாங்க.”

“எப்பவுமா?”

“ம். நீங்க பாத்ததே இல்லையா?”

சட்டிப் பக்கம் குனிந்து, மூச்சை இழுத்துச் சொன்னேன். மாவு வாசனைம்மா, இன்னும் பச்சை, மழையில் நனைந்த கோதுமை மூட்டை மாதிரி. இரு, பழம் வருது. நன்றாகப் பழுத்தது, தோல் வெடித்து எறும்பு ஏறின ரஸ்தாளி மாதிரி, ஆனால் ரஸ்தாளி இல்லை, இந்த ஊர்ப் பழத்தில் அந்தப் புளிப்பு கிடையாது. இப்போது ஏலக்காய் குறுக்கே வருது. தேங்காய் சிவக்கிற வாசனை ஒன்று அடியில் வருது. வெல்லம் வந்துவிட்டது அம்மா, பாகு, கம்பிப் பதத்துக்கு முந்தின பாகு.

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூரையில் கருவி வீலென்று கத்த ஆரம்பித்தது. அப்போதுதான் சட்டியைப் பார்த்தேன்.

“தீயுதும்மா,” என்றேன். “பேசிக்கினே வுட்டுட்டேன்.”

“தீஞ்சா தீயட்டும், அத்தக் கொட்டு,” என்றாள் அம்மா. “வேற ஈடு போடு. மொதல்லேர்ந்து சொல்லு.”